எதிர்நீச்சல் ரெண்டாம் சீசன்: ஆர் ஆரோட சேருவாங்க? வாசகர் கேள்வி பதில்

சன் டிவியில 2024 டிசம்பர் 23 திங்கட்கிழமை 'எதிர்நீச்சல் தொடர்கிறது' எண்டு ரெண்டாம் சீசன் தொடங்குது. முதல் சீசன் 2022 பெப்ரவரி 7 தொடங்கி 2024 ஜூன் 8 வரைக்கும் ஓடினது. முடிஞ்ச கிழமையில இருந்து இந்தப் பக்கத்துக்கு வாற கடிதம் முழுக்க ஒரே விசயம்தான், அடுத்ததில ஆர் ஆரோட சேருவாங்க, ஆர் ஆரை விட்டுட்டுப் போவாங்க. நாடகம் பாக்காத ஆக்களுக்காகச் சுருக்கமாச் சொல்லுறன். மதுரையில ஆதி குணசேகரன் எண்டு ஒரு பெரிய காசுக்காரர், தம்பிமார் ஞானம், கதிர், சக்தி, தங்கச்சி ஆதிரை, தாய் விசாலாட்சி, எல்லாரும் ஒரே வீட்டில. அண்ணன்தம்பி நாலு பேருக்கும் அதே ஒழுங்கில மனிசிமாரா அந்த வீட்டுக்கு வந்த ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி நாலு பேரும் கெட்டிக்காரிகள், ஆனா அடுப்படியை விட்டு வெளியில வரேலாது. அதுதான் கதை. சரி, இனிக் கேள்விக்கு வருவம்.

கே: ஜனனியா நடிச்ச பிள்ளை மாறிட்டுதாமே. புது ஜனனியும் சக்தியும் முந்தி மாதிரி ஒற்றுமையா இருப்பாங்களா, இல்லாட்டி பிரிச்சு விட்டுருவாங்களா? எனக்கு அந்தச் சோடிய நினைச்சாத்தான் கவலை. (உவர்மலை வாசகி)

ப: ஓம் அக்கா, மதுமிதா வரேல்ல, இந்தமுறை பார்வதி எண்டுறவதான் ஜனனி. முகம் மாறினா நாங்க பழகக் கொஞ்ச நாள் எடுக்கும், அது வரைக்கும் டைரக்டர் ரெண்டு பேரையும் கொஞ்சிக் குலாவ விடமாட்டார் எண்டுதான் நான் நினைக்கிறன், ஏனெண்டா புது முகத்தோட உடன காதல் சீன் வைச்சா ஆக்கள் பழைய பிள்ளையத்தான் நினைப்பாங்க, அதுக்குப் பதிலா ஜனனியைக் குணசேகரனுக்கு முன்னால கொண்டுபோய் நிப்பாட்டி நாலு கேள்வி கேக்க வைச்சா முகம் மாறினதே மறந்துபோகும். பிரிக்க மாட்டாங்க. ஆனா சக்தி நல்லவனாவே இருந்தா அந்தச் சோடிக்குக் கதையே இல்ல, அதால சக்தி ஏதோ ஒண்டை ஜனனிக்குச் சொல்லாம மறைப்பான், இல்லாட்டி கொஞ்ச நாள் ஆளையே காணாமப் பண்ணி வைப்பாங்க. நீங்க கவலைப்படுறதெண்டா அதுக்குப் படுங்க.

கே: கதிர் திருந்துவானா? (திருக்கடலூர் வாசகி)

ப: திருந்துவான். அண்ணன்தம்பிமாரில திருந்தினா ஆக்கள் கை தட்டுற ஆள் அவன் ஒருத்தன்தான். ஞானம் ஒரு நாள் மனிசி பக்கம், அடுத்த நாள் அண்ணன் பக்கம், அவர் மாறினாலும் ஒருத்தருக்கும் தெரியாது. கதிர் அப்பிடியில்ல, கையை ஓங்கின ஆள், அவன் நந்தினிட்ட ஒரு பிளேன்டீ கேட்டுக் குடிச்சிட்டு "நல்லாருக்கு" எண்டு சொன்னாலே அது ஒரு கிழமைக்குக் கதை. தாரா எண்டு ஒரு பொம்பிளைப் பிள்ளையும் இருக்குது. ஆனா அவ்வளவு லேசா மன்னிக்கிற மாதிரி நந்தினியைக் காட்டாம விட்டாச் சரி, அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

கே: ஈஸ்வரிக்கும் ஜீவானந்தத்துக்கும் கலியாணம் நடந்தா என்ன பிழை? அந்த மனிசி பட்ட பாட்டுக்கு அவக்கு ஒரு நல்லது நடக்கக்கூடாதா? (கிண்ணியா வாசகி)

அவங்க ரெண்டு பேரையும் சேத்தா அண்டையோட நான் டிவியை நிப்பாட்டிருவன். (தம்பலகாமம் வாசகர்)

ப: ரெண்டு கடிதமும் ஒரே தபால்ல வந்தது, அதால சேத்தே பதில். தம்பலகாமம் ஐயா, நீங்க டிவியை நிப்பாட்டத் தேவை வராது. சேக்க மாட்டாங்க.

ஜீவானந்தம் முந்தி ஈஸ்வரியை ஒருதலையா விரும்பினவர், பிறகு அவருக்கு வேற இடத்தில கலியாணமாகி, அந்த மனிசியையும் சுட்டுக் கொண்டுபோட்டாங்க, வெண்பா எண்டு ஒரு சின்னப் பிள்ளை மிச்சம். கணக்குப் பாத்தா ரெண்டு பேரும் சேருறதுக்குத் தேவையான எல்லாம் இருக்குது. ஆனா ஜீவானந்தமா நடிக்கிறது ஆர் எண்டு பாருங்க, டைரக்டர் திருச்செல்வமேதான். இதே மனிசன் 2003 இல தொடங்கின கோலங்கள்ல தொல்காப்பியனா வந்தது ஞாபகம் இருக்கும், தேவயானி நடிச்ச அபிக்கு ஃப்ரெண்ட், அப்பவும் எங்கட அம்மாமார் "இவங்க ரெண்டு பேரும் கட்டினா என்ன" எண்டு கிணத்தடியில நிண்டு கதைச்சுக் கதைச்சு வருசம் போனது. கதாநாயகிக்குப் பக்கத்தில ஒரு நல்ல மனிசனை நிப்பாட்டி, கட்டுவானா கட்டமாட்டானா எண்டு எங்களைத் தொங்க விடுறது இவருக்குக் கை வந்த கலை. கலியாணம் எண்டு ஒண்டு நடந்தா அந்தத் தொங்கல் முடிஞ்சிடும். அதுக்கு மேல இன்னொண்டும் இருக்குது, குணசேகரன் ஈஸ்வரியைப் பாத்து ஒரு கூடாத வார்த்தை சொன்னா நாங்க கொதிக்கிறது ஏன், அவ ஒரு பிழையும் செய்யேல்ல எண்டுதான். சேத்து வைச்சா அந்தக் கொதி பாதியாப் போயிரும், டைரக்டருக்கு அது தெரியும்.

கிண்ணியா தங்கச்சி, கலியாணந்தான் நல்லது எண்டு ஏன் நினைக்கிறீங்க? ஈஸ்வரிக்கு ஒரு வேலை, ஒரு வாடகை வீடு, பிள்ளை ரெண்டும் தாயோட. எனக்கு அது போதும் போல இருக்குது.

கே: ஆதிரைக்கு என்ன நடக்கும்? அருணோடயா, கரிகாலனோடயா? (பாலையூற்று வாசகி)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் நான் இம்முறை ரெண்டு பக்கம் கேட்டு வாங்கினன்.

ஆதிரை விரும்பினது அருணை, அடிச்சுப் பிடிச்சுக் கட்டி வைச்சது கரிகாலனை. எங்கட வாசகிகள் எல்லாரும் இதைக் காதல் கதையாப் பாத்து "அருண் வருவானா" எண்டு கேக்குறீங்க. நான் கேக்குறது வேற. அந்த வீடு ஆருக்கு? இந்த நாடகத்தில ஆர் ஆரோட நிப்பாங்க எண்டு பிடிக்கோணுமெண்டா மனசைப் பாக்காதீங்க, உறுதியைப் பாருங்க, காணி ஆர் பேரில கிடக்குது எண்டு பாருங்க. முதல் சீசன் முழுக்க அப்பத்தா பேரில இருந்த 40 வீதச் சொத்தைச் சுத்தித்தானே எல்லாரும் ஓடினாங்க. கிழவியைத் திரும்பிப் பாக்காத ஆக்களெல்லாம் காலில விழுந்தது அந்த 40 வீதத்துக்கு.

இப்ப இதை எங்கட ஊருக்குக் கொண்டு வாங்க. இலங்கையில எங்கட கிழக்குப் பக்கம் தமிழ் ஆக்களெண்டாலும் சரி முஸ்லிம் ஆக்களெண்டாலும் சரி, பெரும்பாலும் வீடும் வளவும் பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் சீதனமா எழுதுறது, கலியாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொம்பிளை வீட்டுக்குப் போறவர். அப்ப யோசிச்சுப் பாருங்க, ஆதி குணசேகரன் மதுரையில கட்டின அந்த அரண்மனையை எங்கட திருகோணமலை அன்புவழிபுரத்தில கட்டியிருந்தா அது ஆதிரை பேரில போயிருக்கும். குணசேகரன் ஈஸ்வரிட தாய் வீட்டு விறாந்தையில கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, மாமி சாப்பாடு போடும் வரைக்கும் பேப்பர் வாசிச்சிருப்பார். கதிர் நந்தினிக்குக் கையை ஓங்க முதல் மாமனாரையும் மச்சான்மாரையும் ஒருக்காத் திரும்பிப் பாத்திருப்பான். நாலு மருமகளும் ஒரே அடுப்படியில நிண்டு அழுத கதையே வந்திராது. எங்கட சனம் அந்த நாடகத்தைப் பாத்து "இவளவை ஏன் தாய் வீட்டுக்குப் போகாம நிக்கிறாளவை" எண்டு கேக்குறது இதாலதான். அங்க தாய் வீடு எண்டுறது கட்டிக் குடுத்த பிறகு விருந்தாளியாப் போற இடம், அவங்களுக்குப் போக இடமில்ல, எங்களுக்கு அது விளங்காது.

அதுக்காக எங்கட பக்கம் பொம்பிளைகள் ராசாத்திகள் எண்டு நான் சொல்லேல்ல. தங்கச்சிக்கு வீடு கட்டி முடிக்கும் வரைக்கும் கட்டாரில கிடந்து வெயிலில காயிற அண்ணன்மாரும், வீடு கட்டி முடியேல்ல எண்டு முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் கலியாணம் தள்ளிப்போற தங்கச்சிமாரும் எங்கட ஒழுங்கையிலயே இருக்கிறாங்க. சண்டை இங்கயும் இருக்குது, ஆனா வேற இடத்தில. எங்களுக்கு ஒரு நாடகம் எடுத்தா மாமியும் மருமகனும் பேசாம இருக்கிறதுதான் முதல் எபிசோட்டா இருக்கும்.

சரி ஆதிரை. பரம்பரைச் சொத்தில மகளுக்கும் சம பங்கு எண்டு தமிழ்நாட்டில 1989 இலயே சட்டத்தைத் திருத்தினவங்க, இந்தியா முழுக்க அது 2005 இல வந்தது. அப்ப ஆதிரைக்கும் அந்த வீட்டில ஒரு பிடி இருக்குது, கதை எழுதுற ஆளுக்கு அது கையில இருக்கிற துருப்பு. என்ர கணிப்பு இதுதான், ஆதிரை அருணைத் தேடிப் போகமாட்டா, அண்ணிமார் பக்கமும் முழுசா நிக்கமாட்டா, தன்ர பங்கைக் கேப்பா. அண்ணனுக்கு எதிரா இல்லாட்டி அண்ணனோட சேந்து. அண்ணனோட சேந்து அண்ணிமாரை எதிர்த்தா இன்னும் நல்லாருக்கும், அந்த வீட்டில வளந்த பிள்ளை அந்த வீட்டுக் குணம் இல்லாம இருக்குமா. கரிகாலன் சும்மா பகிடிக்கு வந்து போவார்.

கே: மாரிமுத்து இல்லாம குணசேகரனை நினைக்கவே ஏலாது. அவருக்குப் பதிலா வேற ஆள் வந்த பிறகு வீட்டில எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பழகுற விதமே மாறின மாதிரி எனக்கு மட்டுமா இருக்குது? (மனையாவெளி வாசகர்)

ப: உங்களுக்கு மட்டுமில்ல. 2023 செப்டம்பர் 8, இந்த நாடகத்துக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில நெஞ்சு வருத்தம் வந்து போன மனிசன். பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி. மாரிமுத்துட குணசேகரனை நாங்க திட்டிக்கொண்டே சிரிச்சம், அவர் அதட்டினா நந்தினி பின்னால நிண்டு ஒரு நக்கல் அடிப்பா, அது எடுபடும். வேல ராமமூர்த்தி முறைச்சா சிரிப்பு வராது, பயந்தான் வரும், அதால மருமகள்மார் முந்தி மாதிரி நையாண்டியில தப்ப ஏலாமப் போச்சுது, ஒருத்தியை ஒருத்தி இறுக்கிப் பிடிக்க வேண்டி வந்தது. நடிகர் மாறினா உறவே மாறும் எண்டுறதுக்கு இதை விட வேற சாட்சி வேண்டாம். ரெண்டாம் சீசன்ல அந்தப் பயம் இன்னும் கூடும்.

கே: வெள்ளம் வந்து சனம் தவிக்குது, வயல் எல்லாம் தண்ணி, நீங்க நாடகக் கலியாணம் பேசிக்கொண்டு இருக்கிறீங்க. வெக்கமா இல்லையா? (மூதூர் வாசகர்)

ப: ஐயா, வெள்ளத்தைப் பற்றி நாலாம் பக்கத்தில இருக்குது. இது இருபத்தொன்பதாம் பக்கம், நீங்க இது வரைக்கும் வந்து வாசிச்சிருக்கிறீங்க.

கே: நாங்களே எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? எங்கட ஹொஸ்டல்ல பந்தயமே கட்டுறாங்க. (கோணேசபுரி கம்பஸ் மாணவி)

ப: பந்தயம் எண்டா பிளேன்டீக்கு மட்டும் கட்டுங்க தங்கச்சி. முதல்ல 'சீசன் ரெண்டு' எண்டு போட்டா என்ன அர்த்தம் எண்டு பாக்கோணும். விஜய் டிவியில பாண்டியன் ஸ்டோர்ஸ் 2023 அக்டோபர் 28 முடிஞ்சு ரெண்டு நாளில 30 ஆம் திகதி ரெண்டாவது தொடங்கினது, ஆனா அது புதுக் குடும்பம், அண்ணனா இருந்த அதே நடிகர் ஸ்டாலின் இப்ப பெரிய பிள்ளைகளுக்குத் தகப்பன், பழைய உறவை வைச்சு ஒண்டும் கணிக்க ஏலாது. எதிர்நீச்சல் அப்பிடியில்ல, அதே ஆக்கள், அதே வீடு, விட்ட இடத்தில இருந்து போகுது, அப்ப முதல் சீசன்ல ஆருக்கு ஆர் கடன் பட்டிருக்கிறாங்க எண்டு எழுதி வைச்சாலே பாதி பிடிபடும்.

பிறகு பிள்ளைகளைப் பாருங்க. பெரிய ஆக்களிட சண்டை பழசாப் போனா கதை அடுத்த தலைமுறைக்குத் தாவும், அதுதான் வழமை. இங்க தர்ஷன், தர்ஷினி, ஐஸ்வர்யா, தாரா நாலும் வளருதுகள். குணசேகரன் மகன் தர்ஷனுக்குப் பொம்பிளை பாக்கத் தொடங்குவார் எண்டு நான் அடிச்சுச் சொல்லுறன், கலியாண வீடு ஒண்டு வைச்சா எல்லா உறவையும் ஒரே பந்தலுக்குக் கீழ கொண்டு வந்து மோத விடலாமே, அது நாடகக்காரருக்கு வாய்க்கிற பெரிய வசதி. தாய் ஒரு பிள்ளையைச் சொல்லுவா, தகப்பன் காசுக்கார இடத்தைச் சொல்லுவார், பெடியன் நடுவில முழிப்பான்.

புரோமோவை நம்பாதீங்க. புரோமோவில அடி விழுந்தா எபிசோட்டில அது கனவா இருக்கும்.

இன்னொண்டு, பார்க் எண்டு ஒரு அமைப்பு இந்தியாவில கிழமைக்குக் கிழமை ரேட்டிங் விடுது, அது இறங்கினா உடன ஒரு புது வில்லி, ஏறினா அதே அழுகையை இன்னும் ரெண்டு கிழமைக்கு இழுப்பாங்க. அந்தக் கணக்கெல்லாம் இந்திய வீட்டு டிவிகள்தான். நீங்க ஹொஸ்டல்ல முப்பது பேர் சேந்திருந்து பாத்தாலும் அதில வராது, அதால இங்க இருந்து கத்தி பிரயோசனமில்ல.

கே: அதே ஒன்பதரைக்கா? இந்த மழைக்கு டிஷ் இழுக்காது, என்ன செய்யுறது? (சாம்பல்தீவு வாசகி)

ப: ஓம், அதே ஒன்பதரை. 2006 சித்திரையில இருந்து எங்கட நேரமும் இந்திய நேரமும் ஒண்டுதானே, அதுக்கு முதல் மாதிரி அரை மணித்தியாலம் கூட்டிக் கழிக்கத் தேவையில்ல. மழைக்கு டிஷ் நிண்டா நிண்டதுதான், அடுத்த நாள் மகள்ட ஃபோனில பாருங்க, ஒண்டும் குறைஞ்சு போகாது. சனவரியில திருவெம்பாவை தொடங்கினா விடிய நாலு மணிக்குக் கோயிலுக்குப் போற ஆக்கள் பத்து மணி வரைக்கும் முழிச்சிருக்கிற யோசனையை விடுங்க, எப்பிடியும் அந்தப் பத்து நாளுக்குள்ள குணசேகரன் படிக்கட்டால இறங்கி முடிய மாட்டார்.

அடுத்த இதழுக்குப் பாண்டியன் ஸ்டோர்ஸ் ஆக்கள் எழுதுங்க. போஸ்ட் கார்ட்டில ஒரு கேள்வி மட்டும், விளங்குற எழுத்தில. ஊர்ப் பேர் மட்டும் போதும்.