இராத்திரி கரண்ட் மலிவா?

கேள்வி: லண்டனில் வாடகைக்கு எடுத்த பிளாட்டில் 'எகானமி 7' மீட்டர் இருக்கிறது. மிச்சம் பிடிக்கலாமா அக்கா?
– வாசகி, ஈஸ்ட்ஹாம்

பதில்: பிடிக்கலாம் தங்கச்சி. ஆனால் எகானமி 7 என்று இரவில் 7 மணி நேரம் கட்டணத்தைக் குறைத்துத் தருபவர்கள் பகலில் கூட்டி வாங்கிவிடுவார்கள். மொத்த யூனிட்டில் சுமார் 40 சதவீதமாவது இரவில் ஓட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பகலெல்லாம் வீட்டில் சமையல், ஹீட்டர் என்றால் இரவும் பகலும் ஒரே விலையான ஒற்றைக் கட்டணமே மேல். இரவில் சூட்டைச் சேமித்துப் பகலில் விடும் ஸ்டோரேஜ் ஹீட்டரும் வெந்நீர்த் தொட்டியும் இருந்தால் எகானமி 7-ஐத் தாராளமாக வைத்துக்கொள். எங்கள் தொட்டி விடியுமுன் சூடாகிவிடும். பிள்ளைகள் குளிக்க அதுவே போதும். கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினாலும், பழைய மீட்டர்கள் சில குளிர்கால நேரத்தையே பிடித்துத் தொங்கும். மலிவு நேரம் ஒரு மணி தள்ளிப்போகும். உன் கரண்ட் கம்பெனியிடம் கேட்டு வைத்துக்கொள். துணி காயவைக்கும் டிரையரைப் போட்டுவிட்டு மட்டும் தூங்காதே. தீயணைப்புத் துறையே வேண்டாம் என்கிறது.