சந்தா கட்டினால் உரிமம் போய்விடுமா? வாசகர் கேள்விகள்

கட்டற்ற மென்பொருளுக்குச் சந்தா என்று காசு வாங்குவது ஜிபிஎல்லுக்கு எதிரானது இல்லையா?

இல்லை. மூலநிரலைப் படிக்க, மாற்ற, பகிர உரிமை தரும் உரிமம் ஜிபிஎல்; காசு வாங்குவதை அது தடுப்பதில்லை. கட்டற்றது வேறு, இலவசம் வேறு. இதை எத்தனை முறை எழுதியிருப்பேன்!

எம்ஐடி உரிமத்தில் உள்ள நிரலை எங்கள் சந்தாச் சேவையில் சேர்க்கலாமா?

தாராளமாக. எம்ஐடி மிகக் குறைந்த நிபந்தனைகள் கொண்ட உரிமம். பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் மட்டும் நீக்கிவிடாதீர்கள்.

அலுவலகத்தில் ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்குச் சந்தா கட்டுகிறோம். இது சரியா, தவறா?

எந்த மென்பொருள்? எந்த உரிமம்? ஒன்றுமே எழுதாமல் தீர்ப்பு மட்டும் கேட்டால் எப்படி? பதிப்பு எண்ணும் வேண்டும். டெராஃபார்ம் என்ற மென்பொருள் 2023 ஆகஸ்ட் வரை எம்பிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வந்தது, அதன்பின் வந்த பதிப்புகள் பயன்பாட்டுக்குத் தடைகள் வைக்கும் பிஎஸ்எல் உரிமத்தில். ஒரே பெயர்தான், ஆனால் பதில் நேர்மாறாக இருக்கும். உரிமக் கோப்பைத் திறந்து பாருங்கள், ஒப்பந்தத்தையும் படியுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

'மூலநிரலை வெளியாருக்குக் கொடுத்தால் சந்தாவை ரத்து செய்வோம்' என்கிறது எங்கள் ஒப்பந்தம். ஜிபிஎல் தந்த உரிமையை இவர்கள் எப்படிப் பறிக்கலாம்?

என்னை நெடுநாளாக உறுத்தும் விஷயம் இது. 1991இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் 6ஆம் பிரிவு, நகல் பெறுபவரின் உரிமைகள் மேல் கூடுதல் தடை எதையும் விதிக்கக் கூடாது என்கிறது. விற்பவர்கள் சொல்லும் சமாதானம் இது: "கையில் உள்ள நகலை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், நாங்கள் வழக்குப் போட மாட்டோம். ஆனால் அடுத்த பதிப்பை உங்களுக்கு விற்பதும் விற்காததும் எங்கள் இஷ்டம்."

வாதத்தில் பாதி உண்மை. நாளைய நகலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த உரிமமும் சொல்வதில்லை. ஆனால் நடப்பது என்ன? நான் ஆலோசனை சொன்ன ஓர் இடத்தில், ஒரு பொறியாளர் நாற்பது வரிப் பேட்ச் (நிரல் திருத்தம்) ஒன்றை வெளியே பகிர விரும்பினார். முழுக்க ஜிபிஎல் நிரல். சட்டப் பிரிவு ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்து, "சந்தா போனால் இத்தனை சர்வருக்கும் பாதுகாப்புத் திருத்தம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டது. பேட்ச் அவர் மடிக்கணினியிலேயே கிடந்தது. காகிதத்தில் உரிமை அப்படியே இருக்கிறது, பயன்படுத்தத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை. என்னைக் கேட்டால் இது தடையேதான்.

நீதிமன்றம் தீர்த்துவிட்டதாக லினக்ஸுக்கான பாதுகாப்புப் பேட்ச்களைச் சந்தாவுக்கு விற்கும் ஜிஆர்செக்யூரிட்டியின் வழக்கைக் காட்டிச் சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2017இல் அவர்களின் சந்தா நிபந்தனை ஜிபிஎல்லை மீறுகிறது என்று ஓப்பன் சோர்ஸ் முன்னோடி புரூஸ் பெரன்ஸ் எழுத, நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றது. 2020இல் மேல்முறையீட்டிலும் தோல்விதான். ஆனால் நீதிமன்றம் சொன்னது, பெரன்ஸ் எழுதியது ஒரு கருத்து, அவதூறு ஆகாது என்பது மட்டுமே. உரிமம் மீறப்பட்டதா என்ற கேள்வியை அது தீர்க்கவே இல்லை. ஆகவே கையெழுத்துக்கு முன் ரத்துப் பிரிவைப் படியுங்கள்.

ரெட் ஹேட் நிறுவனம் 2023இல் தன் 'என்டர்பிரைஸ் லினக்ஸ்' இயங்குதளத்தின் மூலநிரலை வாடிக்கையாளருக்கு மட்டும் என்று ஆக்கியது. பொதுவில் வைக்க வேண்டாமா?

கட்டாயம் இல்லை. பைனரி, அதாவது கணினியில் இயங்கும் வடிவம், யாருக்குப் போனதோ அவருக்கு மூலநிரலும் போனால் போதும். 'பிறகு தருகிறோம்' என்று எழுதிக் கொடுக்கும் வழியை எடுத்தால்தான், குறைந்தது மூன்று வருடம், கேட்கும் யாருக்கும் கொடுக்க வேண்டிவரும். அந்த இயங்குதளத்தின் அடுத்த பதிப்பு உருவாகும் சென்டோஸ் ஸ்ட்ரீம் இன்னும் பொதுவில்தான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

சந்தா முடிந்ததும் நிறுவியதையெல்லாம் அழிக்கச் சொல்கிறார்கள். அழிக்க வேண்டுமா?

ஜிபிஎல் உரிமத்தில் வந்ததை வேண்டாம். நீங்கள் மீறாதவரை அந்த உரிமம் காலாவதி ஆவதில்லை. கூடவே வந்த மூடிய மென்பொருளும் அவர்கள் வணிகச் சின்னமும் வேறு கணக்கு.

பத்து சர்வர் இருக்கிறது. இரண்டுக்கு மட்டும் சந்தா கட்டி, அந்தத் திருத்தங்களைப் பத்திலும் போட்டால்?

நகல் எடுப்பதை ஜிபிஎல் தடுக்காது. ஆனால் 'நிறுவிய எல்லா இயந்திரத்துக்கும் கட்டு' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மீதி எட்டுக்கும் பணம் கேட்பார்கள், தணிக்கைக்கும் வருவார்கள். படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?