பயமும் சாட்சியும் – கடிதம்

வணக்கம் அண்ணன்,

எனக்கு ஊர் தங்கச்சிமடம். பெயர் போட வேண்டாம். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்கி அவர் கடலுக்குப் போகிற ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் கிடையாது. இலங்கை நேவி பிடித்துவிட்டால் எத்தனை மாதம் சிறை, புயல் வந்தால் என்ன என்று நெஞ்சு படபடவென்று அடிக்கும். எங்கள் செபக்கூட்டத்தில் ஒரு சகோதரர், ‘அஞ்சாதே’ என்ற வார்த்தை பைபிளில் 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று, அதற்கு மேலும் பயப்படுவது பாவம் என்றார். மூன்று வாரத்துக்கு முன்னால் நானும் எழுந்து, ஆண்டவர் என் பயத்தை எடுத்துப்போட்டார் என்று சாட்சி சொன்னேன். அது உண்மையில்லை அண்ணன். போன வாரம் பக்கத்துத் தெருக்காரர் போன படகைப் பிடித்துவிட்டார்கள். அவர் மனைவி கடற்கரையில் விழுந்து புரண்டு கத்தினாள். நான் ஒதுங்கி நின்றேன். விசுவாசம் உள்ளவள் இப்படிக் கத்துவாளா என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நானும் அழுதேன். அந்தப் பக்கத்துத் தெருக்காரர் இன்னும் வரவில்லை.

எங்கே பார்த்தாலும் யுத்தம், நோய். இது கடைசிக் காலமா? கச்சத்தீவு அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டால் பயம் போகுமா? மகன் பன்னிரண்டாவது முடித்துவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போகிறேன் என்கிறான். தடுக்கவா, விடவா? பயத்தை ஜெயிக்க எந்த வசனத்தைச் சொல்ல வேண்டும்?

ஒரு சகோதரி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். உங்கள் கடிதம் வந்த நாட்களில் நான் பைபிளில் திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். பவுலைக் கைதியாக ரோமைக்குக் கொண்டுபோன கப்பல் உடைகிற அதிகாரம். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பத்தா ஞாபகம் வரும். ஆகவே இந்தப் பதிலில் அவளும் வருவாள்.

சிறிய விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கடைசிக் காலமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நாளும் வேளையும் இறைமகனுக்கே தெரியாது என்று ஆண்டவரே சொல்லிவிட்ட பிறகு, உங்களுக்கும் எனக்கும் அதில் வேலை இல்லை. கச்சத்தீவுக்குப் போங்கள். 1974 ஒப்பந்தத்திலேயே நம் மீனவர்களும் திருப்பயணிகளும் விசா இல்லாமல் போய்வரலாம் என்று எழுதியிருக்கிறது. இரண்டு கரைச் சனமும் ஒரே பூசையில் முழங்கால் போடுகிற இடம் அது. ஆனால் பயத்தைக் கழிக்கக் கட்டுகிற கட்டணமாக நினைத்துப் போகாதீர்கள். அந்த 365 கணக்கும் சரியில்லை. நாள்காட்டிக்கு ஏற்ற மாதிரி யாரோ சொல்லிவிட்டார்கள், எல்லாரும் திருப்பிச் சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் அந்த எண் வராது. வராவிட்டால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒரு தடவை சொல்லியிருந்தாலும் போதும்.

இனி, என்னைச் சும்மா இருக்கவிடாத இடத்துக்கு வருகிறேன்.

பயப்படுவது பாவம் என்று உங்களுக்குச் சொன்னவர், ஆண்டவர் பிடிபட்ட ராத்திரி செபித்த கெத்சமனித் தோட்டத்தை எங்கே வைத்தார்? மாற்கு நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆண்டவர் ‘திகிலும் மனக்கலக்கமும்’ அடைந்தார் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. அந்த ராத்திரி அவர் தனியாக இருக்கவும் விரும்பவில்லை. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார். என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள், அது வேறு. உலகத்தை மீட்க வந்தவரே பயத்தை வாய்விட்டுச் சொல்லி, பக்கத்தில் ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தங்கச்சிமடத்தில் ஒரு பெண் கேட்கக் கூடாதா?

அடுத்து, புயல் அடங்கிய கதை. ‘ஏன் அஞ்சுகிறீர்கள்?’ என்று ஆண்டவர் கேட்டதை மட்டும் பிரசங்கத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததை விட்டுவிடுகிறார்கள். படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது. அவர் படகின் பின்பக்கம், அமரத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் அவரை உலுக்கி எழுப்பி, ‘போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?’ என்று கத்துகிறார்கள். அவர்களில் நான்கு பேராவது கடலிலேயே பிழைத்தவர்கள். பயம் வந்தது, கத்தினார்கள். அவர் எழுந்தார். முதலில் காற்றை அதட்டினார். பிறகுதான் அவர்களிடம் கேட்டார். கத்தின குற்றத்துக்காக யாரையும் படகைவிட்டு இறக்கவில்லை.

கடற்கரையில் விழுந்து கத்திய அந்தப் பெண் இதைத்தான் செய்தாள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் கண்டிப்பாகத்தான் பேசப்போகிறேன். நீங்கள் இரண்டு தப்புச் செய்திருக்கிறீர்கள். ஒன்று, நடக்காததை நடந்ததாகச் சாட்சி சொன்னது. கூட்டத்தில் எல்லாரும் ‘அல்லேலூயா’ சொல்லியிருப்பார்கள். அன்று உங்களைப் போலவே நெஞ்சு அடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்கள், நமக்கு மட்டும்தான் இந்த நோய் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். உங்கள் பொய் அவர்களை இன்னும் தனியாக்கியது. இரண்டாவது இதைவிடப் பெரியது. உங்கள் பயத்தையே இன்னொருத்தி வாயில் கேட்டபோது அவளுக்கு விசுவாசம் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். மூடி வைத்த பயம் இப்படித்தான் ஆகும் தங்கச்சி. பயத்தை நம்முடையது என்று ஒத்துக்கொள்ளாதவரை, அதை வெளியே காட்டுகிறவர்கள் மேல் எரிச்சல்தான் வரும். நீங்கள் அழுதது எனக்கு வருத்தமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதீர்களே, அதுதான் வருத்தம்.

அப்பத்தா தனுஷ்கோடிக்காரி. 1964 டிசம்பர் 22 ராத்திரி அங்கே இருந்தாள். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே பயணிகளோடு கடல் எடுத்துக்கொண்ட ராத்திரி. இன்றைக்கு வேன் வைத்துப் போய் இடிந்த சர்ச் முன்னால் போட்டோ எடுக்கிறார்கள். அந்த சர்ச்சில்தான் அப்பத்தாவுக்குக் கல்யாணம் நடந்தது. தண்ணீர் வந்தபோது அவள் ஒரு கையில் என் சித்தப்பாவைப் பிடித்திருந்தாள். அவருக்குப் பன்னிரண்டு வயது. கை நழுவிவிட்டது. அப்பாவும் அவளும் மணல்மேட்டில் ஒதுங்கிப் பிழைத்தார்கள். அரசாங்கம் அந்த ஊரை மனிதர் வாழத் தகுதியில்லாதது என்று அறிவித்தது. இவர்கள் பாம்பனுக்கு வந்து குடிசை போட்டார்கள். நான் பிறந்தது பாம்பனில்.

ஐப்பசி பிறந்து வாடை எடுத்தால் அப்பத்தா ஆளே மாறிவிடுவாள். ராத்திரி படுக்கும்போது ஒரு கயிற்றைத் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையை என் இடுப்பிலும் தங்கையின் இடுப்பிலும் கட்டுவாள். வலைக்கயிறு. காலையில் எழுந்தால் இடுப்பில் தழும்பு இருக்கும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் சிரிப்பார்கள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வரும்.

அவள் மாதம் தவறாமல் சாமியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வாள். ஒவ்வொரு மாதமும் ஒரே பாவம்: ‘காத்தடிச்சா பயப்படுறேன் சாமி. ஆண்டவர்மேல நம்பிக்கை வைக்க மாட்டேங்குறேன்.’ ஒவ்வொரு மாதமும் அபராதமாக ஐந்து ‘அருள்நிறை மரியே’ செபம். வருடக்கணக்காக இப்படி நடந்தது. இதை அவள் கடைசிக் காலத்தில் அவளாகவே எங்களிடம் சொன்னாள். பிறகு ஒரு வயதான சாமியார் பங்குக்கு வந்தார். அவர் இதைக் கேட்டுவிட்டு, ‘ஆத்தா, இது பாவமில்ல. இதை இங்க கொண்டு வராத. அடுத்த தடவ காத்தடிச்சா தனியா இருக்காத. உன் தெருவுல இருக்கிற பொம்பளைகளக் கூட்டிக்கிட்டுக் கோயில் வராந்தாவுக்கு வந்திரு, கதவு திறந்திருக்கும்’ என்றாராம்.

அந்தத் தெருவில் பாதிக் குடும்பம் தனுஷ்கோடியிலிருந்து வந்தது. அப்பத்தா போய்க் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி விளக்கைக் குறைத்து வைத்துவிட்டுத் தூங்காமல் இருந்திருக்கிறாள். பதினான்கு வருடம், ஒரே தெருவில், ஒருத்திக்கொருத்தி தெரியாமல்.

1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்த புயல் மன்னார் வளைகுடாவைத் தாண்டி நம் மாவட்டக் கரைக்கே வந்தது. எனக்குப் பத்து வயது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று அப்பா வந்து சொன்னார். ஆம்பளைகள் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துக் கட்டப் போனார்கள். நாங்கள் எல்லாரும் வராந்தாவில். இரண்டு அரிக்கேன் விளக்கு. யாரோ கருப்பட்டிக் காப்பி போட்டுக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள். செபமாலை ஒரு சுற்று முடிந்ததும் ஒரு பெரியம்மா, ‘எனக்குப் பயமா இருக்கு’ என்றாள். அடுத்தவள், ‘எனக்குந்தான்’ என்றாள். அப்படியே வரிசையாக எல்லாரும் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் அடுத்த சுற்று தொடங்கியது. ஓடு பறக்கிற சத்தத்தில் மந்திரம் காதில் விழாது. உதடு அசைவதைப் பார்த்துத்தான் பதில் சொன்னோம். அன்றைக்கும் கயிறு என் இடுப்பில் இருந்தது. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ‘கோயிலுக்குள்ள வந்தப்புறமும் எதுக்கு ஆத்தா கயிறு?’ என்று கேட்டார். அப்பத்தா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினாள்.

இதனால்தான் எனக்கு அந்த 27-ஆம் அதிகாரம் பிடிக்கும். வடகிழக்கிலிருந்து, நாம் வாடைக்கொண்டல் என்று சொல்கிற திசையிலிருந்து, பேய்க்காற்று அடிக்கிறது. பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பதினான்காம் ராத்திரியில் ஆழம் பார்க்கிறார்கள். இருபது பாகம்; பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். கொஞ்சம் தள்ளி மறுபடியும் பார்க்கிறார்கள், பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடும் என்று அமரத்திலிருந்து நான்கு நங்கூரம் போட்டுவிட்டு, விடியாதா என்று ஏங்கிக் கிடக்கிறார்கள். பவுலுக்கு ஏற்கெனவே ஒரு வானதூதர் வந்து, அஞ்சாதே, உன்னோடு பயணம் செய்கிற யாரும் சாகமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் நங்கூரம் எதற்கு என்று பவுல் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நடப்பதைக் கவனியுங்கள். மாலுமிகள் கப்பலின் முன்பக்கம், அணியத்தில் நங்கூரம் இறக்குகிற மாதிரி பாவனை செய்து, சின்னப் படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்க்கிறார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் யாரும் பிழைக்க முடியாது என்று பவுல் படைவீரர்களிடம் சொல்கிறார். அவர்கள் அந்தப் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். பிறகு பவுல் அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, எல்லார் முன்னாலும் பிட்டுச் சாப்பிடுகிறார். மற்றவர்களும் மனம் தேறிச் சாப்பிடுகிறார்கள். 276 பேர். காலையில் கப்பல் உடைகிறது. நீந்தத் தெரிந்தவன் நீந்துகிறான், தெரியாதவன் பலகையைப் பிடித்துக்கொள்கிறான். கப்பல் போய்விட்டது, ஆள் ஒன்று குறையவில்லை. வாக்குக் கொடுத்தவர் கப்பலுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கப்பல் போகும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்.

நீங்கள் சாட்சி சொன்ன அன்று, அந்தச் சின்னப் படகில்தான் ஏறிவிட்டீர்கள். மற்ற பெண்கள் எல்லாம் கப்பலில்.

மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையைப் பஸ்ஸில் எத்தனை தடவை தாண்டியிருப்பீர்கள்? 1549-இல் அங்கேதான் அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியச் சாமியாரை வெட்டிக் கொன்றார்கள். இயேசு சபையில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த முதல் ஆள், முதல் மறைசாட்சி. படை வந்தபோது அவர் படகேறிப் போயிருக்கலாம். சனத்தை ஏற்றிவிட்டுத் தான் கரையில் நின்றார் என்றுதான் சொல்லி வருகிறார்கள். அவருக்குப் பயமே இருந்திருக்காது என்று என்னால் நினைக்க முடியவில்லை. பயத்தோடுதான் நின்றிருப்பார். இந்தக் கரையில் மறைசாட்சி என்ற சொல்லுக்கு எழுதின முதல் பொருள் அது: சனம் இருக்கிற இடத்தில் தானும் இருப்பது.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தேவிட்டேன். தடுக்கவா விடவா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. உங்களுக்கு என்ன பயம் என்பது அவனுக்குத் தெரியுமா? நீங்கள் அவன் முன்னால் சிரித்துக்கொண்டே இருப்பதாக நினைக்கிறேன். ஒரு ராத்திரி அவனை உட்கார வைத்து, அப்பா கடலுக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் முன்னாலும் சொல்லுங்கள். அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். அப்புறம் மூன்று பேருமாக முடிவு செய்யுங்கள்.

வசனம் கேட்டீர்கள். திருப்பாடல் 23 உங்களுக்கு மனப்பாடம்தானே, அது போதும். ‘நீர் என்னோடு இருப்பதால்’ என்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று சொல்லுங்கள்.

ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வசனம் கொண்டு போகாதீர்கள். இதை வாசித்த அன்றைக்கே சாயங்காலம் போங்கள். கருப்பட்டியும் காப்பித்தூளும் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் சமைத்திருக்க மாட்டாள், பிள்ளைகளுக்கு ஏதாவது கொண்டு போங்கள். அன்றைக்குக் கரையில் ஒதுங்கி நின்றதைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு அழுததையும் சொல்லுங்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். திருப்பிக்கொண்டாலும் எழுந்து வந்துவிடாதீர்கள், திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். அடுத்து உங்கள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிற ராத்திரி அவளையும் பிள்ளைகளையும் உங்கள் வீட்டில் வந்து படுக்கச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்