சேலத்தில் எம்.டி.க்கு பி.ஏ.வாகச் சேரப் போகிறேன்: என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், பயத்தை எப்படிப் போக்குவது?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: பி.காம். முடித்தவர், சேலத்தில் ஒரு குடும்ப நிறுவனத்தில் எம்.டி.க்கு (நிர்வாக இயக்குநருக்கு) பி.ஏ. (நேர்முக உதவியாளர்) வேலை உறுதியாகிவிட்டது, ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும், பெரியவர்கள் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம். இந்த நாற்காலியில் உட்காருபவரை அதிகம் நடுங்க வைப்பது, எதைத் தானாகச் செய்யலாம், எதைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்ற எல்லை தெரியாததுதான். எல்லை தெரியாதவர் ஒரு கூரியர் அனுப்பக்கூடக் கேட்பார். கேட்கக் கேட்க முதலாளிக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலுக்குப் பயந்து, மறுநாள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விடுவார்.

அதனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டம், செய்துவிட்டுச் சொல்பவை: கூரியர், வண்டி ஏற்பாடு, வந்தவர்களுக்குச் சாப்பாடு, வழக்கமான மெயிலுக்குப் பதில். இதில் ஒரு தொகையையும் எழுதுங்கள், 3,000 ரூபாயோ 5,000 ரூபாயோ. இரண்டாவது, சொல்லிவிட்டுச் செய்பவை: சந்திப்பு நேரத்தை மாற்றுவது, வெளியூர் டிக்கெட், வாடிக்கையாளருக்கு விலை தொடர்பான எந்தப் பதிலும். மூன்றாவது, தொடவே கூடாதவை: வங்கி ஓடிபி, காசோலை, ஊழியர் சம்பள விவரம், அவர் பெயரில் வாக்குறுதி. தாளை அவரிடமே காட்டி, "சார், இப்படி வச்சுக்கலாங்களா?" என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் இரண்டை அடித்து ஒன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார். தலையாட்டினால் போதாது, அவர் கையெழுத்திலேயே திருத்தம் வாங்கிவிடுங்கள். பிறகு யாராவது "உன்னை யார் பண்ணச் சொன்னா?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்கும்.

குடும்ப நிறுவனங்களில் இதற்கு இன்னொரு மடிப்பு உண்டு. ஜவ்வரிசி ஆலையோ, கொலுசுப் பட்டறையோ, நூற்பாலையோ, பெரியவர் ஒன்று சொல்வார், சின்னவர் வேறு சொல்வார், வீட்டு அம்மா பேரனின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டச் சொல்வார். சேரும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "சார், ஒரே நேரத்துல ரெண்டு பேரும் வேலை சொன்னா எது முதல்ல?" முரண் வரும்போது நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "பெரிய ஐயா நாளைக்கு அனுப்பச் சொன்னாங்க, நீங்க இன்னைக்கே வேணுங்கறீங்க, நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பட்டுங்களா?" என்று இருவருக்கும் தெரிய வைத்தால் போதும். வீட்டு வேலை கொஞ்சம் வரத்தான் செய்யும். அதற்கென ஒரு நேரம் ஒதுக்கி, மாலை 4 மணிக்கு மேல் என்று பழக்கிவிட்டால் காலை வேலை கெடாது.

அடுத்தது காலைப் பதினைந்து நிமிடம். அவர் வந்து காபி குடிக்கும் நேரத்தில் ஒரே ஒரு தாளோடு போங்கள். மேலே அவர் முடிவு சொல்ல வேண்டியவை, கீழே வெறும் தகவல். ஏழுக்கு மேல் போகாதீர்கள், ஏழாவதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. ஒவ்வொன்றும் "ஆம்" அல்லது "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய வடிவில் இருக்கட்டும். "சார், பேங்க் மேனேஜரும் ஆடிட்டரும் ஒரே நேரத்துல வர்றாங்க, என்ன பண்றது?" என்பது உங்கள் பாரத்தை அவர் தலையில் ஏற்றுவது. "பேங்க் மேனேஜர் 11 மணிக்கு, ஒரு மணி நேரம் இழுக்கும். ஆடிட்டரை 3 மணிக்கு மாத்திடறேன், சரிங்களா?" என்றால் அவருக்கு ஒரே ஒரு தலையசைப்புதான் வேலை. தீர்வோடு போகிறவரின் குரல் தானாகவே நேராக இருக்கும். இதற்குத் தனிப் பயிற்சி வகுப்பெல்லாம் தேவையில்லை.

பயண ஏற்பாடுதான் சேலத்தில் பி.ஏ.க்கள் அதிகம் சறுக்கும் இடம், ஏனென்றால் வெளிநாட்டு விமானம் பெரும்பாலும் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ இருக்கும். பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர், நகரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். விமானம் அதிகாலை 2:30 என்றால் நிலையத்தில் இரவு 11:30. சாலையில் 5 மணி நேரம், வழியில் சாப்பாடு அரை மணி, தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தாலோ ஓசூர் தாண்டி நெரிசலில் மாட்டினாலோ ஒரு மணி நேரம். ஆக, மாலை 5 மணிக்குச் சேலத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். எல்லாவற்றையும் விட மோசமான தவறு தேதியில் நடக்கும்: டிக்கெட்டில் 15ஆம் தேதி 2:30 என்று இருந்தால் வண்டி ஏற வேண்டியது 14ஆம் தேதி மாலை. நாட்காட்டியில் விமான நேரத்தை மட்டும் குறித்து வைப்பவர்கள் இதில்தான் விழுகிறார்கள். வண்டி கிளம்பும் நேரத்தையே முதல் பதிவாகப் போடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள்.

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்து விமானத்தை நம்பினால் கையில் ஒரு ரயில் டிக்கெட்டும் இருக்கட்டும். விமானங்கள் குறைவு என்பதால் ஒன்று ரத்தானால் அடுத்தது உடனே கிடைக்காது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். தட்கல் பயணத்துக்கு முந்தைய நாள், ஏசி வகுப்புக்கு காலை 10 மணிக்கு, ஸ்லீப்பருக்கு 11 மணிக்கு. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். 9:55க்கு அந்தச் சரிபார்ப்பைச் செய்துகொண்டிருக்காதீர்கள், சேர்ந்த வாரமே முடித்துவிடுங்கள்.

விருந்தினரை ஏற்காட்டில் தங்க வைத்தால் காலை 9 மணி சந்திப்புக்கு அவர் 7:30க்காவது இறங்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்திலும் மார்கழிப் பனியிலும் வண்டி ஊர்ந்துதான் வரும். வளைவு ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, வண்டியில் தண்ணீரும் ஒரு கவரும் வைக்கச் சொல்லுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் போக்குவரத்தைக் குப்பனூர் வழியாகத் திருப்பி விடுவதுண்டு, ஓட்டுநரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். எஸ்டேட்டில் கூட்டம் என்றால் சிக்னலை நம்பாமல் எல்லாத் தாளையும் அச்செடுத்துக் கொடுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோ அழைப்பு வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அது மாறும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. அழைப்பில் எப்போதும் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள்.

போனில் "யார் பேசறது?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எங்கிருந்து பேசறீங்கன்னு சொன்னா சார்கிட்ட சொல்லிடறேனுங்க" என்றால் எதிரில் இருப்பவர் கோபப்படவே வழியில்லை. பெயர், ஊர், விஷயம், திரும்ப அழைக்க வேண்டிய நேரம், இந்த நான்கையும் அங்கேயே எழுதுங்கள். "சார் இல்லைங்க" என்று பொய் சொல்வது ஆபத்து: லீ பஜாரில் அரை மணி நேரம் கழித்து அவரே சாரைப் பார்த்துவிடுவார். "இப்ப பேச முடியாத நிலையில இருக்காங்க, நாலு மணிக்கு மேல நானே கூப்பிடறேனுங்க" என்று சொல்லுங்கள். சொன்னபடி நாலு மணிக்குக் கூப்பிடுங்கள், சார் பேசத் தயாராக இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள். ஒரு மாதத்தில் ஊரே உங்கள் வார்த்தையை நம்பும். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதை மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம். மனைவி, மருத்துவர், பிள்ளைகளின் பள்ளி, ஆலைப் பாதுகாப்பு அதிகாரி, கலெக்டர் அலுவலகம் போல நேராக இணைக்க வேண்டியவர்களின் பட்டியலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்காதீர்கள், வருகிறவர்கள் எல்லாம் படிப்பார்கள். டிராயருக்குள் இருக்கட்டும்.

தேதிகள். வரி கட்டுவது அக்கவுன்டன்ட் வேலைதான், ஆனால் ஓடிபியோ கையொப்பமோ எம்.டி.யிடம் இருக்கிறது. அவர் விமானத்தில் இருக்கும் நாள் 20ஆம் தேதியாக இருந்தால் மாதாந்திர ஜிஎஸ்டி படிவம் நின்றுவிடும். அதனால் 7 (டிடிஎஸ் எனும் பிடித்தம் செய்த வரி), 11 (ஜிஎஸ்டி விற்பனைப் படிவம்), 15 (பி.எஃப்., இ.எஸ்.ஐ.), 20 ஆகியவற்றைப் பயணத் திட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15 முன்கூட்டிய வருமான வரி. நிறுவனம் பிரைவேட் லிமிடெட் என்றால் போர்டு கூட்டத்துக்கு 7 நாள் முன் அறிவிப்பு போக வேண்டும், நடந்த 30 நாளுக்குள் மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதிப் பதிவாக வேண்டும். வருடத்துக்கு எத்தனை கூட்டம் என்பது நிறுவனத்தின் அளவைப் பொறுத்தது, கம்பெனி செக்ரட்டரியிடம் கேட்டு வருடத் தொடக்கத்திலேயே தேதி போட்டுவிடுங்கள்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எம்.டி.யிடமேதான் இருக்க வேண்டும். பல அலுவலகங்களில் அது பி.ஏ.வின் டிராயரில், பாஸ்வேர்டு ஒட்டிய சீட்டோடு கிடக்கிறது. வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். கொடுத்தே தீருவேன் என்றால் ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்த ஆவணம், யார் சொன்னது என்று எழுதி வாரா வாரம் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இதைச் செய்வதில் சங்கடப்பட ஒன்றுமில்லை, பிரச்சினை வரும் நாளில் முதலில் விசாரிக்கப்படுவது நீங்கள்தான்.

அதே காரணத்தால் பண மோசடியையும் தெரிந்து வைத்திருங்கள். புது எண்ணிலிருந்து எம்.டி.யின் படத்தோடு வாட்ஸ்அப் வரும்: "மீட்டிங்கில் இருக்கிறேன், அழைக்க வேண்டாம், உடனே இந்தக் கணக்குக்கு அனுப்பு." அழைக்க வேண்டாம் என்று சொன்னால் கட்டாயம் அழைக்க வேண்டும், அதுவும் உங்களிடம் பழையதாக இருக்கும் எண்ணுக்கு. சப்ளையர் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தாலும் இதே விதி. பணம் போய்விட்டால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

தவறு நடந்தால் பத்து நிமிடத்துக்குள் நீங்களே சொல்லுங்கள். வரிசை முக்கியம்: என்ன நடந்தது, அதனால் என்ன பாதிப்பு, இப்போது என்ன செய்யலாம். "சார், நாளைக்குக் காலை டிக்கெட் வெயிட்டிங்லயே நின்னுடுச்சு. வண்டியில போனா 4 மணிக்குக் கிளம்பணும், இல்லன்னா கூட்டத்தை 2 மணிக்கு மாத்தக் கேக்கறேன்." மன்னிப்பை ஒரு முறை கேட்டால் போதும். ஐந்து முறை கேட்டால் அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும்.

பெண்ணாக இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும், புகாருக்குப் பொதுவாக மூன்று மாத அவகாசம். குழுவில் யார் யார் என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள், சம்பள நாள் கேட்பது போலச் சாதாரணமாக. இரவு 9 மணிக்கு மேல் வரும் அவசரமில்லாத செய்திக்குக் காலையில் பதில் சொல்லிப் பழக்குவதும் முதல் மாதத்தில்தான் முடியும்.

இனி ஆங்கிலம். அலுவலகக் கடிதம் ஏறக்குறைய முப்பது வாக்கியத்துக்குள் சுற்றுகிறது: சந்திப்பைக் கேட்பது, உறுதி செய்வது, மாற்றுவது, நினைவூட்டுவது, இணைப்பு அனுப்புவது, நன்றி. பழைய கோப்பிலிருந்து நல்ல மெயில்களை எடுத்து இந்த ஆறு வகைக்கும் ஐந்து ஐந்து வாக்கியம் எழுதி வையுங்கள். "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதினால் வேலை நடக்கும். பேசும்போது புரியவில்லை என்றால் திரும்பச் சொல்லச் சொல்வதில் வெட்கமே வேண்டாம், எண்களையும் பெயரின் எழுத்துகளையும் நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்.

சேர இன்னும் சில வாரம் இருந்தால் தட்டச்சில் உட்காருங்கள். அரசுத் தட்டச்சுத் தேர்வில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. சான்றிதழ் இல்லாவிட்டாலும் ஹையர் வேகம் இருந்தால் கூட்டம் முடிந்த அன்றே குறிப்பு அனுப்பிவிடலாம். தமிழுக்குத் தமிழ்99 விசைப்பலகையையும் யூனிகோடையும் பழகுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கடிதம் எதிர்த்தரப்புக் கணினியில் வெறும் கோழிக் கிறுக்கலாகத் திறக்கும்.