படகின் சாமான் அறையில் வடிகால் கசிவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்களிடம் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு உள்ளது. முன்பகுதியான அணியத்தில் நங்கூரமும் கயிறும் வைக்கும் அறையின் தரையில் ஒரு பிளாஸ்டிக் டிரெயின் ஃபிட்டிங் இருக்கிறது; அதிலிருந்து ஒரு ஹோஸ் பக்கச்சுவர் வழியாக நீரை வெளியேற்றுகிறது. அந்த ஃபிட்டிங்கின் விளிம்பு வெடித்துவிட்டது. அறையில் நீர் தேங்குவதோடு, படகின் அடிப்பகுதியிலும் ஈரம் தென்படுகிறது. விரிசலின் மேல் சிலிக்கான் பூசினால் போதுமா, ஃபிட்டிங்கையே மாற்ற வேண்டுமா? மாற்றுவதென்றால் நாங்களே செய்துகொள்ளலாமா?

பதில்: மாற்றத்தான் வேண்டும், நீங்களே செய்துகொள்ளவும் முடியும். சிலிக்கான் பூசுவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். வெயிலில் நாட்பட்ட பிளாஸ்டிக்கை விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடியாக ஒட்டும். அந்த நிலைக்கு வந்துவிட்ட ஃபிட்டிங்கில் விரிசல் மேல்விளிம்போடு நிற்பதில்லை. விளிம்பும் குழாயும் சேரும் கழுத்துப் பகுதியில், கசிவைத் தடுக்க இட்ட பழைய சீலன்டுக்கு அடியில், மயிரிழையாக அது சுற்றி ஓடியிருக்கும். அந்த இடத்துக்கு மேலிருந்து பூசும் எதுவும் எட்டாது. தவிரவும், சிலிக்கான் பட்ட ஃபைபர் பரப்பில் பிறகு எபாக்சியோ (இரண்டைக் கலந்தால் இறுகும் பிசின்) பெயின்டோ வேறு சீலன்டோ சரியாகப் பிடிக்காது. அதன் படலத்தைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது ஃபிட்டிங் அன்று, அடியில் தென்படும் ஈரம்தான். பல சிறு படகுகளில் இத்தகைய அறையின் தரை முழுவதும் கெட்டி ஃபைபராக இருப்பதில்லை. மேலும் கீழும் ஃபைபர் அடுக்குகள், நடுவில் பிளைவுட்டோ பால்சா மரமோ நுரைப்பலகையோ என்று வார்த்திருப்பார்கள். துளையிட்டவர் அதன் உட்சுவரை எபாக்சியால் மூடாமல் விட்டிருந்தால், விரிசலில் நுழையும் நீர் நேராக அந்த நடுப்பலகைக்குள் ஊறும். மரமாக இருந்தால் காலப்போக்கில் மக்கி, தரை மிதித்தால் அமுங்கும் நிலைக்கு வந்துவிடும். ஃபிட்டிங் மலிவான பொருள். மக்கிய தரையை வெட்டியெடுத்து மறுபடி வார்ப்பது அப்படியன்று. ஆகவே இந்த வேலையில் உங்கள் கவனம் முழுவதும் துளையின் சுவர் மீது இருக்கட்டும்.

கழற்றுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்து பாருங்கள். அறையைத் துடைத்து உலர்த்தி, வெளிப்புற வாயை இறுக அடைத்துவிட்டு, உணவு நிறமி கலந்த நீரை ஃபிட்டிங்கின் விளிம்பு மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். கீழே நட்டைச் சுற்றியும் கிளாம்புக்கு அடியிலும் வெள்ளைத் தாளைச் செருகி வையுங்கள். நிறம் முதலில் எங்கே படிகிறதோ அங்கேதான் கசிவு. சில வேளைகளில் குற்றம் ஃபிட்டிங்கில் இராது, ஹோஸின் முனை வெடித்திருக்கும் அல்லது கிளாம்ப் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். வெளிவாயின் அடைப்பு சரியாக இருந்து, நீர்மட்டம் குறைந்துகொண்டே வந்து, தாள் மட்டும் உலர்ந்தே இருந்தால், நீர் நடுப்பலகைக்குள் போகிறது என்று ஐயுறலாம். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் துளையைச் சுற்றித் தரையைத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்ற ஓசையும் ஊறிய இடத்தில் மந்தமான ஓசையும் கேட்கும்.

கழற்றும்போது ஹோஸைப் பிடித்து இழுக்காதீர்கள். முனையை நீளவாக்கில் கத்தியால் கீறினால் தானாக விடுபடும். சற்று வெட்டிவிட்டாலும் மிச்சம் எட்டுமா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நட் அசையாவிட்டால் அதனோடு மல்லுக்கட்டாமல் ஓரிடத்தில் அறுத்துப் பிளந்துவிடுங்கள், எப்படியும் அது குப்பைக்குப் போவதுதான். விளிம்புக்கு அடியிலுள்ள சீலன்டை ஹீட் கன்னால் மிதமாகச் சூடாக்கி, மெல்லிய பட்டைக்கத்தியை நுழைத்துச் சுற்றிவர அறுத்தால் ஃபிட்டிங் மேலே வந்துவிடும். சூட்டை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஃபைபரும் கெடும் என்பதால் கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

இப்போது துளையின் சுவரைப் பாருங்கள். நடுப்பலகை கருத்தோ ஈரமாகவோ இருந்தால், மக்கியதை வளைந்த கம்பியாலும் உளியாலும் நல்ல மரம் தென்படும்வரை சுரண்டி எடுத்துவிட்டு, முழுமையாக உலர விடுங்கள். இதில் அவசரம் கூடவே கூடாது. ஈர மரத்தின்மேல் பூசிய எபாக்சி, ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். கெடாத நல்ல மரமாக இருந்தாலும் விளிம்பிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளே குடைந்துவிடுவது நல்லது. உலர்ந்தபின் முதலில் வெறும் எபாக்சியைத் தூரிகையால் மரம் குடிக்கும்வரை தடவி, அது இறுகுவதற்குள் சிலிக்காத்தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் குழியை நிரப்புங்கள். நன்கு இறுகியபின் உரிய அளவில் துளையிட்டால், ஃபிட்டிங்கைச் சுற்றி மரமே இராது. என்றாவது மறுபடி கசிந்தாலும் நீர் எபாக்சி வளையத்தைத் தாண்டாது.

விளிம்பின் தடிமன் மூன்று மில்லிமீட்டர் என்றால் அறையில் எப்போதும் மூன்று மில்லிமீட்டர் நீர் நிற்கும். ஆகவே எபாக்சி வளையத்தின் மேற்பகுதியிலேயே ஆழமற்ற ஒரு பள்ளம் கடைந்து, விளிம்பு தரையோடு தரையாக அமையும்படி செய்துவிடுங்கள்.

பொருத்தும் வேலை எளிது. இரு பரப்புகளையும் உப்புத்தாளால் தேய்த்து, தூசு போகத் துடைத்து, விளிம்பின் அடியிலும் மரையின் மேற்பகுதியிலும் கடல்பயன்பாட்டுக்கான பாலியூரித்தேன் சீலன்டைத் தாராளமாக இட்டு அமர்த்துங்கள். இவற்றில் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும் வகையை விட, பின்னாளில் கழற்ற முடிகிற மிதமான பிடிப்புள்ள வகையே இங்கே தகும். பாலிசல்ஃபைடு சீலன்ட் ஏ.பி.எஸ். போன்ற சில பிளாஸ்டிக்குகளை அரித்து வெடிக்கச் செய்யும் என்பதால் அது வேண்டாம். நட்டைக் கையால் இறுக்கி, சுற்றிலும் சீலன்ட் பிதுங்கியதும் ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். அதற்குமேல் இறுக்கினால் சீலன்ட் முழுவதும் வெளியேறிவிடும், பிளாஸ்டிக்கும் கழுத்தில் வெடிக்கும். இந்த வகைச் சீலன்ட் காற்றின் ஈரத்தால் இறுகுவதால் ஒரு வாரமாவது தொடாமல் விடுங்கள். கடைசியாக ஹோஸின் முனையை வெந்நீரில் மென்மையாக்கி ஏற்றி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் போடுங்கள். ஹோஸின் பாரம் ஃபிட்டிங்கில் தொங்காதபடி பக்கத்துச் சுவரில் ஒரு பிடியும் கொடுத்துவிடுங்கள். அந்தப் பாரம்தான் பல ஃபிட்டிங்குகளின் கழுத்தை முறிக்கிறது.

கேள்வி: பழையதும் 1 அங்குலம், புதிதாக வாங்கியதும் 1 அங்குலம். ஆனால் பழைய நட் புதியதில் ஏற மறுக்கிறது. இரண்டு சுற்றோடு நின்றுவிடுகிறது. பித்தளை ஃபிட்டிங் உறுதியானது என்கிறார்களே, அதையே போட்டுவிடலாமா?

பதில்: 1 அங்குலம் என்பது பெயரளவு மட்டுமே. பிரிட்டிஷ் குழாய் மரையில் 1 அங்குலம் என்றால் மரையின் வெளிவிட்டம் 33 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அமெரிக்கக் குழாய் மரையும் ஏறக்குறைய அதே விட்டம்தான். ஆனால் முன்னதில் ஓர் அங்குலத்துக்கு 11 மரைகள், பின்னதில் பதினொன்றரை. மரையின் கோணமும் முறையே 55 பாகை, 60 பாகை. அதனால்தான் தொடக்கத்தில் ஏறிப் பிறகு சிக்குகிறது. பலவந்தமாகத் திருப்பாமல், ஃபிட்டிங்கோடு வந்த நட்டையே பயன்படுத்துங்கள். துளையைப் பெரிதாக்க நேர்ந்தால், பழைய துளையில் ஒரு மரக்கட்டையை அடித்து அதில் ஹோல்சாவின் (வட்டமாகத் துளையறுக்கும் ரம்பம்) நடு பிட்டை ஊன்றுங்கள். இல்லாவிட்டால் ஹோல்சா வழுக்கி ஓடும்.

உப்புநீரில் புழங்கும் படகுக்குப் பித்தளை வேண்டாம். அதிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய், எஞ்சும் செம்பு இளஞ்சிவப்பு நிறத்தில் நுண்துளைகளோடு உதிரும். பார்வைக்கு முழுதாக இருக்கும் ஃபிட்டிங் தட்டினால் உடைந்துவிடும். வெண்கலம் அல்லது கண்ணாடியிழை கலந்த நைலான் நல்லது. 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நீர்மட்டத்துக்கு மேலே பொருத்தமானதே. வெளிவாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாலோ, பாரம் ஏற்றியபின் கீழே போகும் என்றாலோ, சாதாரண பிளாஸ்டிக்கை நினைக்கவே வேண்டாம். அங்கே வெண்கல ஃபிட்டிங்கும் மூடித்திறக்கும் வால்வும் கட்டாயம்.

கேள்வி: எங்கள் சாமான் அறையில் பெட்ரோல் கேன் வைப்பதுண்டு. வடிகால் ஹோஸ் பழுதாகிவிட்டதால், அதை எடுத்துவிட்டு நீரைப் படகின் அடியிலேயே விழவிட்டு, பில்ஜ் பம்பால் இறைத்துவிடலாமா?

பதில்: கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. திறந்த வடிகால் வழியே இறங்கி, படகின் மிகத் தாழ்ந்த இடத்தில், அதாவது பம்பும் மின் இணைப்புகளும் இருக்கும் இடத்திலேயே தேங்கும். ஒரு சிறு தீப்பொறி போதும். சமையல் எரிவாயு சிலிண்டர் வைக்கும் அறைக்கும் இதுவே விதி. அத்தகைய அறையின் வடிகால் தரையின் தாழ்ந்த மூலையில் தொடங்கி, இடையில் தொய்வின்றிச் சரிந்து, நீர்மட்டத்துக்கு மேலே படகின் வெளிப்புறத்தில் திறக்க வேண்டும். ஹோஸில் ஒரு தொய்வு இருந்தாலும் அங்கே நீர் நின்று ஆவியின் வழியை அடைத்துவிடும். புதிய ஹோஸ் போடும்வரை கேனை அந்த அறையில் வைக்காதீர்கள்.