வாசகர் கேள்விகள்: மாலைக் கரண்டுக்கு ஏலம்

கமுதியில் இவ்வளவு சோலார் இருந்தும் இருட்டினால் நிலக்கரி கரண்டைத்தான் நம்புகிறோம். ‘திறன் ஏலம்’ வந்தால் புகை குறையுமா?
– வாசகர், தேவிபட்டினம்

குறையலாம், கூடவும் செய்யலாம். எல்லாம் ஏல விதியைப் பொறுத்தது. கமுதியின் 648 மெகாவாட் பகல் கணக்கு. இரவு 7 மணிக்கு அது பூஜ்யம். திறன் ஏலத்தில் விற்பது யூனிட் அல்ல, ‘கேட்கும் நேரத்தில் இத்தனை மெகாவாட் தருவேன்’ என்ற உறுதி. ஓடாமல் தயாராக நின்றாலும் பணம் வரும். விதி தளர்வாக இருந்தால், மூட வேண்டிய பழைய அனல் நிலையம் அந்தப் பணத்திலேயே உயிர் பிழைத்துக்கொள்ளும். பிரிட்டன் 2014-ல் தொடங்கிய ஏலங்களில் டீசல் ஜெனரேட்டர்கள்கூட ஒப்பந்தம் பெற்றன.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல், இப்படித் திறனுக்குப் பணம் பெறும் நிலையங்களுக்கு யூனிட்டுக்கு 550 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று வரம்பு கட்டியது. நிலக்கரியும் டீசலும் இதில் தேறாது. பழைய நிலையங்களுக்கு மட்டும் இன்னொரு வழி விட்டார்கள்: ஒரு கிலோவாட் திறனுக்கு ஆண்டுக்கு 350 கிலோ. யூனிட்டுக்கு 950 கிராம் விடும் நிலையம் அந்த அளவுக்குள் ஆண்டுக்குச் சுமார் 370 மணி நேரமே முழுத் திறனில் ஓடலாம். அவசரத்துக்கு மட்டும் கைகொடுக்கும். நமக்கும் இதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

அடுத்தது பேட்டரியை எப்படி எண்ணுவது என்பது. 100 மெகாவாட் பேட்டரி 2 மணி நேரம் தாங்கினால் இருப்பு 200 மெகாவாட்-மணி. மாலை உச்சம் 6 முதல் 10 வரை என்றால் அதை 50 மெகாவாட் என்றே எண்ண வேண்டும். 100 என்று எழுதினால் 8 மணிக்குச் சார்ஜ் தீர்ந்து, மீண்டும் நிலக்கரியையும் டீசலையும் தேட வேண்டிவரும். மிகக் குறைத்து எண்ணினாலோ பேட்டரி ஏலத்திலேயே தோற்றுவிடும்.

ஐஸ் கம்பெனி, இறால் பண்ணை எல்லாம் மாலையில் கரண்டைக் குறைத்தால் ஏலத்தில் சேர முடியுமா?
– வாசகர், மண்டபம்

இந்தியாவில் இப்படியொரு பொது ஏலம் இன்னும் இல்லை. வந்தால் ஐஸ் கம்பெனிக்கு இடமுண்டு. நண்பகலில் கம்ப்ரசரை முழுதாக ஓட்டி உப்புக்கரைசலை நன்றாகக் குளிர வைத்துவிட்டால், மாலையில் சில மணி நேரம் நிறுத்தலாம். ஐஸ் உறையும் கேன்களை எடுப்பது தள்ளிப்போகும். படகுக்கு ஏற்ற வேண்டிய ஐஸை அதற்கேற்ப முன்கூட்டியே உறைய வைக்க வேண்டும்.

இறால் பண்ணையில் குளத்து நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைத் தொடவே கூடாது. இரவில் குளத்துப் பாசி ஆக்சிஜன் தராது, உறிஞ்சத்தான் செய்யும். விடியற்காலையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும், இறால் மடியும்.

சிக்கல், எவ்வளவு குறைத்தீர்கள் என்று அளப்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது 2024 மே 2-ல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது ஐஸ் கம்பெனிகளில் வேலையே குறைவு. ஜனவரி பயன்பாட்டோடு ஒப்பிட்டுக் குறைப்பைக் கணக்கிட்டால், குறைக்காத கரண்டுக்குப் பணம் போகும். மாலை உச்சத்தில் நிலக்கரிதான் எரியும். அதனால் ‘கரண்டைக் குறையுங்கள்’ என்ற அழைப்புக்கு முந்தைய 10 வேலைநாள்களின் 15 நிமிட மீட்டர் கணக்கையே அடிப்படையாக வைக்க வேண்டும். தடைக்காலத்துக்குத் தனி மெகாவாட், தனி விலை எழுதிக் கேளுங்கள். பிரிட்டனில் புதிய மின் நிலையத்துக்கு 15 ஆண்டு வரை ஒப்பந்தம் கிடைத்தது, தேவையைக் குறைப்பவருக்கு ஓராண்டுதான். மீட்டருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் போட்ட முதலீட்டை ஓராண்டில் எடுப்பது கடினம்; நீண்ட ஒப்பந்தம் மின் நிலையம், தேவையைக் குறைப்பவர் என இரு தரப்புக்கும் உண்டா என்று முதலில் பாருங்கள்.