12 கொடுத்த வண்டி 8 கொடுக்கிறது: டீசல் எங்கே போகிறது?

கேள்வி: எங்களுடையது 2016 மாடல், 2.2 லிட்டர் டீசல், ஏழு சீட் எஸ்யூவி. 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்த வண்டி ஆறு மாதமாக 8-ஐத் தாண்டவில்லை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. ஸ்டார்ட்டிங்கில் குறையில்லை, புகையும் இல்லை. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரையும் பட்டறையில் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், தேனி

பதில்: வேண்டாம். உங்கள் வண்டியில் இன்ஜெக்டரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். அதற்கு முன் காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் அந்த 8 சரியான கணக்கா என்று பாருங்கள். டேஷ்போர்டு காட்டும் எண் போதாது. பங்கில் பம்ப் தானாக கட் ஆகும்வரை டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். 300 கி.மீ. ஓடிய பிறகு அதே பம்பில் மறுபடி முதல் கட் வரை நிரப்புங்கள். தொகையை ரவுண்டாக்க மேலே கொஞ்சம் ஊற்றினால் கணக்கு கெட்டது. 30 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 10. இடையில் டயர் மாற்றினீர்களா? 235/65 ஆர்17 இருந்த இடத்தில் 255/65 ஆர்17 போட்டால் சக்கரத்தின் சுற்றளவு 3.5 சதவீதம் கூடும். 100 கி.மீ. ஓடினாலும் மீட்டர் சுமார் 96.6 என்றுதான் காட்டும்.

கணக்கு சரிதான் என்றால் அடுத்தது பிரேக். பிக்கப் குறையாமல், புகை வராமல் மைலேஜ் மட்டும் விழுந்தால் என் முதல் சந்தேகம் எப்போதும் பிரேக் ஜாம்தான், அதாவது பெடலை விட்ட பிறகும் பிரேக் சக்கரத்தைப் பிடித்தபடியே இருப்பது. காலியான சாலையில் 15 கி.மீ. ஓட்டுங்கள். பிரேக்கை அழுத்தாமல் வண்டியைத் தானாக உருளவிட்டு நிறுத்தி, உடனே நான்கு ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டு போங்கள், தொடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் ஆள் கிடைத்துவிட்டது. அதை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டும் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றுங்கள். பிரேக் பேட் லேசாக உரசும் சத்தம் இயல்பு. பலம் கொடுத்துத்தான் சுற்ற வேண்டும் என்றால் ஜாம்.

அந்த நிலையிலேயே காலிபரின் (பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) ப்ளீடர் நிப்பிளை, அதாவது பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகை, சற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் ஆயில் பிரஷர் உள்ளேயே தங்குகிறது என்று பொருள். பெரும்பாலும் பிரேக் ஹோஸ் உட்புறம் ஊதி அடைத்திருக்கும். ஹோஸை மாற்ற வேண்டும். விடுபடாவிட்டால் காலிபர் நகர உதவும் ஸ்லைடு பின் அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. பின்னைக் கழற்றித் துரு நீக்கி, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டவே வேண்டாம். ரப்பர் பூட்டை உப்ப வைத்து, மறுபடி இறுக்கிவிடும். பிஸ்டன் என்றால் காலிபர் ரிப்பேர் கிட் போட வேண்டும். பின்சக்கரம் சூடானால் ஹேண்ட்பிரேக் கேபிளையும் பாருங்கள். நிப்பிளைத் திறந்த பிறகு, பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

நான்கு ரிம்மும் ஒரே சூடா? அப்படியானால் அடுத்த சந்தேகம் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஃபேனில் கை படாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது. ஸ்கேனர் இருந்தால் எளிது: ஹைவேயில் கூலன்ட் 80 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும், 65-லேயே தடுமாறினால், இன்ஜின் இன்னும் ஆறியே இருக்கிறது என்று நினைத்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதல் டீசலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு’ என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. மைலேஜோடு இன்ஜினின் ஆயுளும் அதில்தான் போகிறது. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்றே பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்றத்தில் கரும்புகை வந்து இழுவையும் குறைந்தால்தான் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் வெடிப்பு, புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு என்று தேட வேண்டும். ஹோஸ் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.

இன்ஜெக்டர் கெட்டால் ஸ்டார்ட்டிங் இழுக்கும், ஐடிலில் இன்ஜின் உதறும், வெள்ளைப் புகை வரும். உங்களுக்கு இவை இல்லை. அப்படியும் சந்தேகம் என்றால் ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள்; இன்ஜெக்டர் பீய்ச்சாமல் திருப்பி அனுப்பும் டீசலை அளப்பது அது. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களிலும் ஒரே அளவு பாட்டிலைக் கட்டி ஐடிலில் ஓடவிட வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு நிறைந்தால் அதை மட்டும் கழற்றி சோதனை மெஷினில் (டெஸ்ட் பெஞ்ச்) சோதிக்கலாம். நான்கையும் மாற்றக் காரணமே இல்லை.

கேள்வி: பிஎஸ்6 டீசல் எஸ்யூவி. தினமும் பள்ளிக்கு 4 கி.மீ. மட்டுமே போகிறது. சில நாள் ஐடில் தானாக ஏறுகிறது, வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் ஓடுகிறது. மைலேஜும் குறைவு. ஏன்?

பதில்: புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப், தன்னில் சேர்ந்த கரியை எரிக்கும் வேலை அது. அதற்காகவே இன்ஜின் கூடுதல் டீசலைச் செலவழிக்கிறது. பாதியில் அணைத்தால் அடுத்த முறை மறுபடி முயலும். வாரம் ஒருமுறை ஹைவேயில் 20-30 நிமிடம், 2,000 ஆர்பிஎம் குறையாத கியரில் ஓட்டுங்கள். இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலில் டீசல் கலந்திருக்கிறது. ஆயிலை மாற்றும்வரை நீண்ட பயணம் வேண்டாம்.

கேள்வி: பெட்ரோல் எஸ்யூவி. 13-லிருந்து 10-க்கு வந்துவிட்டது. இ20 பெட்ரோல்தான் காரணமா?

பதில்: முழுக்க இல்லை. 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10-ஐவிட 20 சதவீதம் கலந்த இ20-ல் லிட்டருக்கு எரிசக்தி 3-4 சதவீதம்தான் குறைவு; அதனால் லிட்டருக்கு அரை கி.மீ. குறையலாம். உங்களுக்கு 23 சதவீதம் போயிருக்கிறது. டயர் காற்று, ஸ்பார்க் பிளக், ஆக்ஸிஜன் சென்சார் பாருங்கள். அதற்கும் முன்னால், மேலே சொன்ன ரிம் சூட்டை.